ஐ.க்யூ.ஏ.சி. நாற்காலிக்கு வந்திருக்கும் மீனாவுக்கு

அன்புள்ள மீனா,

நீ உங்கள் கல்லூரியின் தரத்தைக் கவனிக்கும் உள்குழுவான ஐ.க்யூ.ஏ.சி.க்கு ஒருங்கிணைப்பாளர் ஆன விஷயம் ராஜி சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடி? ஹாஸ்டல் மெஸ் கமிட்டிக்கு நின்றபோது மட்டும் நடுராத்திரியில் எழுப்பி ஓட்டுக் கேட்டாயே! போகட்டும், மனதார வாழ்த்துகிறேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சின்னவன் பிளஸ் டூ. நம் விசில் சார் ரிட்டையராகி கும்பகோணத்தோடு போய்விட்டார். மற்றதெல்லாம் நேரில்.

உன் புதுப் பதவியை வைத்துத்தான் இந்தக் கடிதம். எங்கள் துறையில் இரண்டாம் ஆண்டுக்கு ஆர்கானிக் கெமிஸ்ட்ரி பாடம் நடத்தும் பெண் ஒருத்தி இருக்கிறாள். மாணவர் ஃபீட்பேக்கில் அவளுக்கு ஐந்துக்கு 3.4 வந்தது. நிர்வாகம் கிழித்து வைத்திருக்கும் கோடு 3.5. இன்க்ரிமென்ட்டை நிறுத்தி, கையில் மெமோவும் கொடுத்துவிட்டார்கள். ஸ்டாஃப் ரூமில் அந்தத் தாளை மடித்து மடித்து நகம் அளவுக்குச் சுருக்கி வைத்திருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

மாணவர்கள் போட்ட மதிப்பெண்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஃபீட்பேக் முடித்தால்தான் ஹால் டிக்கெட் டவுன்லோட் ஆகும் என்று பூட்டு போட்டிருக்கிறார்கள். ஆறு பேப்பர், ஒவ்வொன்றுக்கும் இருபது கேள்வி. பிரவுசிங் சென்டரில் வரிசையில் நிற்கிற பிள்ளை எதை யோசித்துப் போடும்? முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்வி வரை ஒரே எண்ணாகப் போட்டவர்கள் பாதிப் பேருக்கு மேல். இதில் ஒரு கேள்வி, ஆசிரியர் லேபில் பாதுகாப்பு விதிகளைச் சொல்லித் தருகிறாரா என்பது. இவள் எடுப்பதோ தியரி பேப்பர். லேப் பக்கமே போகாத பேப்பருக்கு லேப் பாதுகாப்பில் மதிப்பெண் போட்டிருக்கிறார்கள், அதையும் கூட்டிச் சராசரி எடுத்திருக்கிறார்கள். அந்த 0.1-க்குத்தான் ஒரு வருஷ இன்க்ரிமென்ட் போனது.

கேட்டால், கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் அமைப்பின் பெயரைச் சொல்லி, “நாக் கேட்கிறது மேடம்” என்கிறார்கள். நாக் 2017-இல் கொண்டுவந்த மாணவர் திருப்திக் கணக்கெடுப்பை நீயும் பார்த்திருப்பாய். பாடத்திட்டத்தில் எவ்வளவு நடத்தி முடித்தார்கள் என்று தொடங்கி இருபது கேள்வி, 0 முதல் 4 வரை மதிப்பெண், இருபத்தோராவதாகச் சொந்தமாக எழுத ஓர் இடம். அது மொத்தக் கல்லூரியைப் பற்றிக் கேட்கிறது. தனி ஆசிரியரின் சம்பளத்தில் கைவைக்க அதில் எங்கே சொல்லியிருக்கிறது?

பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்று பேசுகிற கூட்டத்தில் நான் இல்லை, அது உனக்கே தெரியும். வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள்தான். மேடம் நேரத்துக்கு வருகிறாரா, குரல் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிறதா, இன்டர்னல் பேப்பரைத் திருத்தித் திருப்பித் தருகிறாரா என்பதை அவர்களைவிட யார் சொல்ல முடியும்? ஆனால் தாங்கள் எவ்வளவு கற்றுக்கொண்டோம் என்பதை அவர்களால் அப்போதே சொல்ல முடிவதில்லை. 2019-இல் ஹார்வர்டில் இயற்பியல் வகுப்பில் இதைச் சோதித்திருக்கிறார்கள். தாங்களே கணக்குப் போட்டுத் திணறிய மாணவர்கள், நல்ல விரிவுரை கேட்டவர்களைவிடக் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். டெஸ்ட் வைத்தபோது அவர்கள்தான் அதிகம் எடுத்தார்கள். அமெரிக்க விமானப்படை அகாடமியில் மாணவர்களை ஆசிரியர்களுக்குக் குலுக்கல் மாதிரி ஒதுக்குவார்கள், அதனால் ஒப்பிட வசதி. அங்கே ஆராய்ந்த கேரலும் வெஸ்டும் 2010-இல் எழுதியது இதுதான்: தன் பேப்பரில் மதிப்பெண் ஏறவைத்து நல்ல பெயரும் வாங்கிய கால்குலஸ் ஆசிரியர்களின் மாணவர்கள், அடுத்தடுத்த பேப்பர்களில் பின்தங்கினார்கள்.

இன்னொன்று கேள், உனக்குக் கோபம் வரும். 2015-இல் வெளியான ஆய்வு, அமெரிக்காவில் ஓர் ஆன்லைன் வகுப்பு. ஓர் ஆண், ஒரு பெண், இருவரும் ஒரு பிரிவுக்குச் சொந்த அடையாளத்திலும் இன்னொரு பிரிவுக்கு மற்றவர் அடையாளத்திலும் பாடம் எடுத்தார்கள். விடைத்தாள் திரும்பியது எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான். சீக்கிரம் தந்தாரா என்ற கேள்விக்கு ஆண் பெயருக்கு 4.35, பெண் பெயருக்கு 3.55! சின்ன வகுப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்த 0.8-ஐப் பார்த்துவிட்டு என்னால் எங்கள் 0.1-ஐ நம்ப முடியவில்லை. கனடாவில் ரயர்சன் பல்கலைக்கழக வழக்கில் 2018-இல் நடுவர் தீர்ப்பே சொல்லிவிட்டார்: பதவி உயர்வுக்குக் கற்பித்தல் திறனை அளக்க இந்தச் சராசரியைப் பயன்படுத்தக் கூடாது என்று.

சரி, அந்தப் பெண் கதைக்கு வருகிறேன். அடுத்த செமஸ்டரில் முதல் இன்டர்னல் முடிந்த கையோடு அவளை ஆளுக்கு அரைத் தாள் கொடுக்கச் சொன்னேன். பெயர் வேண்டாம், மதிப்பெண் வேண்டாம், தமிழிலேயே எழுதலாம். எது புரிகிறது, எது இடிக்கிறது, அவ்வளவுதான். ஒரு பிள்ளை எழுதியிருந்தது: “மேடம், எலக்ட்ரான் எங்கே போகிறது என்று அம்பு போடும்போது போர்டை மறைத்து நிற்கிறீர்கள். நீங்கள் நகர்வதற்குள் வேதிப்பொருள் வேறாகிவிடுகிறது. அம்பை நாங்கள் பார்த்ததே இல்லை.” ஆர்கானிக்கில் அம்பைப் பார்க்காவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? மனப்பாடம்தான்! இருபது கேள்வியில் ஒன்றாவது இதைச் சொல்லியிருக்குமா? நான் ஒரு நாள் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன், அந்தப் பிள்ளை சொன்னது அப்படியே உண்மை. இருவரும் அந்தத் தாள்களை மேஜையில் பரப்பிப் பேசினோம். இப்போது ஓரமாக நின்று, கலர் சாக்பீஸில் ஒவ்வொரு அம்பாகப் போட்டு, “இது ஏன் இங்கே வருகிறது?” என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறாள். தமிழ் மீடியத்திலிருந்து வந்த பிள்ளைகள் வாய் திறக்கிறார்கள் மீனா, அதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. மெமோ இன்னும் ஃபைலில்தான் கிடக்கிறது, அதற்காக நான் மேலே எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

மதிப்பெண்ணைக் கையில் கொடுத்து அனுப்பினால் பெரிதாக ஒன்றும் மாறாது, யாராவது கூட உட்கார்ந்து பேசினால்தான் பாடம் நடத்துவது மாறும் என்று பீட்டர் கோஹன் என்ற ஆய்வாளர் 1980-லேயே பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டிவிட்டார். இத்தனை வருஷம் கழித்தும் நம் கல்லூரிகள் சாஃப்ட்வேர் வாங்குகின்றன, உட்கார்ந்து பேச ஆள் போடுவதில்லை.

நீ செய்வாய் என்று நம்பித்தான் கேட்கிறேன். செமஸ்டர் பாதியிலேயே கேளுங்கள். ஹால் டிக்கெட்டோடு முடிச்சுப் போடாதீர்கள். ஃபார்மைத் தமிழிலும் கொடுங்கள். முதலில் ஆசிரியர் படிக்கட்டும், நிர்வாகம் அப்புறம். தசம புள்ளியை வைத்து யார் சம்பளத்தையும் தொடாதீர்கள். உங்கள் பிரின்சிபால் முறைப்பார்தான். விசில் சாரையே சமாளித்தவள் நீ, இவர் எம்மாத்திரம்?

உங்கள் ஃபார்ம் எப்படி இருக்கிறது என்று ஒரு காப்பி அனுப்பு. எந்தக் கேள்வியை வெட்டலாம் என்று பென்சிலில் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன். கமிட்டி கூட்டம் எப்போது என்றும் எழுது, அதற்குள் அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
செல்வி