டெய்க்ஸ்ட்ரா என்ற பெயரின் வழியைக் காட்டியவர்களுக்கு எங்கள் நன்றி

அன்புடையீர், வணக்கம்.

என் கணவர் வீட்டாரின் குடும்பப் பெயர் டெய்க்ஸ்ட்ரா. அது எங்கே பிறந்தது, யாரோடு எந்தக் கடலைக் கடந்தது என்று நாங்கள் தேடத் தொடங்கியதும் பலர் கைகொடுத்தீர்கள். உங்களுக்குத் தனித்தனியே கடிதம் எழுதிவிட்டேன். இருந்தாலும் நீங்கள் செய்த உதவி எத்தகையது என்று நாலு பேர் அறியச் சொல்ல வேண்டும் என்பது என் மாமியின் விருப்பம். எனக்கும் அதுதான் முறையாகப் படுகிறது.

முதல் நன்றி நெதர்லாந்தின் வடக்கே ஃபிரீஸ்லாந்து மாகாணத்தில், லேயுவார்டன் நகரிலுள்ள திரேசோவார் ஆவணக் காப்பகத்தின் பணியாளர்களுக்கு. இந்தப் பெயரைச் சொன்னாலே கணினி படித்தவர்கள், "குறுகிய வழியைக் கண்டுபிடிக்கும் முறையை 1959இல் வெளியிட்ட எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா உங்கள் உறவா?" என்று கேட்பார்கள். மாமாவின் தலைமுறையினர் கேட்பது ஷௌக்யே டெய்க்ஸ்ட்ராவை. 1964இல் இன்ஸ்புருக் ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு நடனத்தில் தங்கம் வென்று, குளிர்கால ஒலிம்பிக்கில் தன் நாட்டுக்கு முதல் தங்கத்தைத் தேடித்தந்தவர். நாங்களும் அதே கேள்வியோடுதான் காப்பகத்துக்கு எழுதினோம். வந்த பதில் பொறுமையானது, நேர்மையானது. கடல் அணையருகே குடியிருந்த எவரும் சூடிக்கொள்ளக்கூடிய பெயர் அது. அணைகள் நிறைந்த மாகாணத்தில் ஒருவருக்கொருவர் உறவில்லாத எத்தனையோ குடும்பங்கள் அதையே எடுத்திருக்கின்றன. ஆகவே பெயரைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள், ஆட்களைப் பிடித்துக்கொண்டு போங்கள் என்றார்கள். அந்த ஒரு வரியால்தான் எங்கள் தேடல் தடம் பிடித்தது.

ஃபிரீஸ்லாந்துப் பெயர்களை வரிசையாகப் படித்தாலே அந்த மண் கண்முன் விரிகிறது. மதகருகே இருந்தவர் சைல்ஸ்ட்ரா, கரிச்சேற்று நிலத்தில் இருந்தவர் ஃபேன்ஸ்ட்ரா, மேட்டில் இருந்தவர் டெர்ப்ஸ்ட்ரா. அணை கட்டத் தெரிவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அந்த மக்கள் வெள்ளத்துக்கு மேலே நிற்க மண்ணைக் குவித்து மேடுகள் எழுப்பி வாழ்ந்தார்கள். அந்த மேடுகளும் இன்று இருக்கின்றன, பெயர்களும் இருக்கின்றன.

ஆனால் சாதாரண உழைப்பாளிகளில் பெரும்பாலோருக்கு இந்தப் பெயர்கள் நிலைத்தது பின்னாளில்தான். அதற்கு முன்பு பீட்டரின் மகன் யான் என்றால் அவர் யான் பீட்டர்ஸ். அவருடைய பிள்ளைகள் யான்ஸ். தந்தை பெயரைத் தன் பெயரோடு சேர்த்து எழுதி வளர்ந்த எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முதல் மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனின் பெயர் என்ற வழக்கமும் அவர்களிடம் இருந்தது என்று தெரிந்ததும், எங்கள் மூத்தவனுக்கு யார் பெயரை வைப்பது என்று இரண்டு வீட்டாரும் ஒரே மாதிரி யோசித்ததன் காரணம் விளங்கியது.

1810இல் நெப்போலியன் அந்த நாட்டைப் பிரான்சுடன் இணைத்தார். 1811 ஆகஸ்ட் 18ஆம் தேதி ஆணையின்படி, குடும்பப் பெயர் இல்லாதவர்கள் ஒன்றைத் தெரிவுசெய்து பதிய வேண்டும் என்றாயிற்று. அந்தப் பதிவேடுகள் ஃபிரீஸ்லாந்தில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. குடும்பத் தலைவர் எந்தப் பெயரை ஏற்கிறார், பிள்ளைகள் யார், அவர்களுக்கு என்ன வயது, எங்கே வசிக்கிறார்கள், பேரப்பிள்ளைகள் உண்டா என்று ஒரே பதிவில் மூன்று தலைமுறை கிடைத்துவிடும். எங்கள் பூட்டனின் முன்னோர் ஒருவருடைய பதிவின் அடியில், அவருக்கு எழுதத் தெரியாது என்று எழுத்தர் குறித்திருக்கிறார். கையெழுத்து இல்லாத அந்தப் பக்கத்தின் நகலைப் பார்த்து மாமா வெகுநேரம் பேசவே இல்லை.

அந்தக் கையெழுத்துப் படிவங்களை எங்களுக்காகப் படித்துக்கொடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு எப்படி நன்றி சொல்வது? பழைய டச்சு எழுத்து எனக்குக் கோடுகளாகவே தெரிந்தது. அவரோ எழுத்து எழுத்தாகப் பிரித்து எழுதி, சந்தேகமான இடங்களைக் கோடிட்டு அனுப்பினார். பணம் வாங்க மறுத்துவிட்டார். எங்கள் தேடலின் மிகப் பெரிய கண்டுபிடிப்பும் அவருடையதே. ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரே தந்தைக்குப் பிறந்த அண்ணன் தம்பி இருவர், 1811இல் வெவ்வேறு ஊர்களில் வசித்ததால் வெவ்வேறு பெயர் பதிந்திருந்தார்கள். தம்பி டெய்க்ஸ்ட்ரா, அண்ணன் டெர்ப்ஸ்ட்ரா. இருநூறு ஆண்டுகளாக எங்களுக்கு நெருங்கிய பங்காளிகள் வேறு பெயரில் இருந்திருக்கிறார்கள்! பெயரை மட்டும் தேடியிருந்தால் அவர்களை எந்தக் காலத்திலும் கண்டிருக்க மாட்டோம்.

மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸிலிருந்து எங்களுக்கு எழுதிய டெர்ப்ஸ்ட்ரா குடும்பத்தாருக்கும் நன்றி. அந்தப் பக்கத்துக்கு ஃபிரீஸ்லாந்து மக்கள் முதலில் போனது 1847இல். அரசுத் திருச்சபையிலிருந்து பிரிந்தவர்கள் பட்ட நெருக்கடியும், உருளைக்கிழங்குப் பயிரை அழித்த நோயும் அவர்களை விரட்டின. போதகர் மார்ட்டன் இப்மாவோடு சென்ற கூட்டம் தன் புதிய ஊருக்கே ஃபிரீஸ்லாந்து என்று பெயர் வைத்தது. எங்கள் பங்காளிகள் போனது அதற்குப் பிறகு, 1880களில். அமெரிக்காவின் மலிவான தானியம் ஐரோப்பியச் சந்தையில் வந்து குவிந்தபோது ஃபிரீஸ்லாந்தின் களிமண் வயல்களில் கூலி வேலை அற்றுப்போயிற்று. எந்த நாட்டின் தானியம் வேலையைப் பறித்ததோ அந்த நாட்டுக்கே கப்பலேறினார்கள். ஊர்க் குடிமக்கள் பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு நேரே "வட அமெரிக்கா" என்ற குறிப்பு மட்டுமே இருந்தது. மீதிக் கதையைக் கிராண்ட் ராப்பிட்ஸ் வீட்டார் தங்கள் குடும்ப வேதாகமத்தின் முதல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பி நிறைவு செய்தார்கள்.

என் கணவரின் பாட்டனார் கனடாவுக்கு வந்தது 1950களில். போருக்குப் பின் நெதர்லாந்தில் விவசாயிகளின் பிள்ளைகளுக்குப் போதிய நிலமில்லை. வெளிநாடு போக அரசே ஊக்கமளித்தது. 'குரோட்டே பேர்' கப்பலில் வந்து ஹாலிஃபாக்ஸின் 21ஆம் துறையில் இறங்கினார்கள். நாட்டைவிட்டுப் பணம் கொண்டுபோகக் கட்டுப்பாடு இருந்ததால், கட்டில், தையல் இயந்திரம், பாத்திரம் எல்லாவற்றையும் பெரிய மரப்பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்தார்கள். டச்சு எழுத்தில் ஐ, ஜே இரண்டும் சேர்ந்து நிற்கும் இடத்தில் இங்குள்ள ஆவணங்கள் ஒற்றை 'வை' போட்டன. டெய்க்ஸ்ட்ரா டைக்ஸ்ட்ரா ஆனது. பொறுப்பேற்று வேலையும் வீடும் கொடுத்த ஒன்ராறியோ விவசாயக் குடும்பத்தின் வாரிசுகள் அந்தக் காலத்துக் கூலிக் கணக்குப் புத்தகத்தை எங்களிடம் காட்டினார்கள். இறங்கிய குடும்பங்களை ரயில் நிலையத்தில் வரவேற்று, பள்ளிக்கும் மருத்துவருக்கும் அழைத்துச் சென்ற சீர்திருத்தத் திருச்சபைத் தொண்டர்களில் இன்று உயிரோடிருக்கும் ஓர் அம்மையாருக்கும் எங்கள் வணக்கம். அகதியாக இதே நாட்டில் வந்திறங்கிய எனக்கு, நிலையத்தில் ஒரு முகம் காத்திருப்பது என்றால் என்னவென்று தெரியும்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒல்லாந்தர் என்றால் கோட்டையும் பீரங்கியும்தான். எழுதத் தெரியாத கூலியாட்களாக, அணையோரக் குடிசைகளில் வாழ்ந்த ஒல்லாந்தரை எனக்கு அறிமுகம் செய்தவர் ஃபிரீஸ்லாந்திலேயே தங்கிவிட்ட கிளையைச் சேர்ந்த அத்தை. தள்ளாத வயதிலும் எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று, எந்தக் கல்லறை யாருடையது, எந்தப் பண்ணை யாரிடம் போனது என்று சொன்னார். அத்தை, நீங்கள் சொன்னதை எல்லாம் ஒலிப்பதிவிலிருந்து எழுதி முடித்துவிட்டோம்.

கடைசியாக, பெயர் தெரியாத தன்னார்வலர்கள். நெதர்லாந்தின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளைப் பல ஆண்டுகளாகக் கணினியில் ஏற்றி வருபவர்கள் இவர்கள். பிறப்புப் பதிவு 100 ஆண்டுகளும் திருமணப் பதிவு 75 ஆண்டுகளும் இறப்புப் பதிவு 50 ஆண்டுகளும் கடந்த பின்பே பொதுவாகத் திறக்கப்படும். அவை திறந்ததும், தங்களுக்கு ஒரு தொடர்பும் இல்லாத மனிதர்களின் பெயர்களை வீட்டிலிருந்தபடி ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்கிறார்கள். பாட்டனாரின் பிறப்புப் பதிவு எங்களுக்குக் கிடைத்தது அவர்கள் உழைப்பால்தான். இவர்களை நேரில் பார்த்துக் கைகூப்பும் வாய்ப்பு எங்களுக்கில்லை. இந்த மடல் அவர்களில் ஒருவர் கண்ணிலாவது படவேண்டும் என்று மனமார வேண்டுகிறேன்.

தொகுத்த வம்சாவளியின் பிரதி ஒன்றை லேயுவார்டன் காப்பகத்துக்கும், ஒன்றைக் கிராண்ட் ராப்பிட்ஸுக்கும், ஒன்றை அத்தைக்கும் அனுப்பியிருக்கிறோம். ஆசிரியர் ஐயா, உங்கள் பிரதியை நாங்களே கொண்டுவந்து தருகிறோம்.

நன்றியுடன்,
டைக்ஸ்ட்ரா வீட்டு மருமகள்,
ஒன்ராறியோ, கனடா