அப்பாவுக்கு 65 தாண்டிவிட்டது

ஆசிரியருக்கு வணக்கம்.

உறுப்பு மாற்றுக்கு வயதைப் பார்க்கலாமா என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் இடது கைதான் கண்முன் வருகிறது. டயாலிசிஸுக்காக மணிக்கட்டுக்கு மேல் இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைத்திருக்கிறார்கள், விரலை வைத்தால் ரத்தம் குறுகுறுவென்று ஓடுவது தெரியும். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். குடிக்கிற தண்ணீரைக்கூட டம்ளரில் அளந்துதான் கொடுக்கிறோம்.

2022-இல், மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து கிடைக்கும் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்யலாம் என்று ஒரு மருத்துவமனைக்குப் போனோம். இதயம் எப்படி, அறுவை சிகிச்சையைத் தாங்குவாரா என்று எதுவும் கேட்கவில்லை. பிறந்த வருடத்தைப் பார்த்ததும் "65 தாண்டிடுச்சே" என்று ஃபைலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் 2023 பிப்ரவரியில் மத்திய அரசு அந்த 65 வயது வரம்பையே எடுத்துவிட்டது. நல்ல முடிவு, மனதார வரவேற்கிறேன். ஆனால் பட்டியலில் பெயர் ஏறுவது வேறு, சிறுநீரகம் கிடைப்பது வேறு.

அப்பாவுக்குப் பக்கத்துப் படுக்கையில் 24 வயதுப் பையன் ஒருவன் டயாலிசிஸ் செய்துகொள்கிறான். "முதல்ல அவனுக்குக் கிடைக்கட்டும்மா" என்கிறார் அப்பா. அது அவர் மனசு. அதை அவர் சொல்லலாம், அவருக்காக அரசாங்க விதி சொல்லக்கூடாது.

அதற்காக வயதே கணக்கில் வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. 20 வயதுக்காரரின் சிறுநீரகத்தை 70 வயதுக்காரருக்கு வைத்தால் அவர் காலம் முடியும்போதும் அது உழைக்கிற தெம்போடு இருக்கலாம், அதுவே அந்தப் பையனுக்கு என்றால் பல வருட வாழ்க்கை. இது எங்களுக்கும் புரிகிறது. ஐரோப்பாவில் ஜெர்மனி, ஆஸ்திரியா, நெதர்லாந்து போன்ற நாடுகள் சேர்ந்து நடத்தும் யூரோடிரான்ஸ்பிளான்ட் அமைப்பு இதற்கு 1999-லேயே ஒரு வழி செய்தது: 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் தானமாகத் தரும் சிறுநீரகம் 65-க்கு மேற்பட்ட நோயாளிகளுக்கே போகும், அதுவும் முடிந்தவரை பக்கத்து ஊரிலேயே, வழியில் நேரம் வீணாகாமல். பெரியவர்கள் காத்திருக்கும் காலமும் குறைந்தது, இளைஞர்கள் பங்கிலும் யாரும் கை வைக்கவில்லை.

2008-லிருந்து உறுப்பு தானத்தில் நாட்டுக்கே வழிகாட்டிய தமிழ்நாட்டில், நம் அரசின் உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டான் இப்படி ஒரு தனி வரிசையை யோசிக்கக் கூடாதா? எழுபது வயதுக்காரரின் சிறுநீரகம் என்றால் சம்மதமா என்று அப்பாவிடம் கேட்டேன். எங்கே கையெழுத்துப் போடணும் என்றுதான் கேட்டார்.

ஒரு வாசகி,
திருச்சி