ஸ்கேட்போர்டுக்கு மோட்டார் வாங்கும் முன்…

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மின்சார ஸ்கேட்போர்டை வீட்டிலேயே கட்டுவது பற்றி உங்கள் இளைஞர் பகுதியில் வந்த கட்டுரை பலரை ஸ்பானர் எடுக்க வைத்திருக்கும். மகிழ்ச்சி. ஆனால் மோட்டாருக்கு ஐந்து பத்தி ஒதுக்கிய கட்டுரை, பேட்டரியை மூன்று வரியில் முடித்துவிட்டது. பிரேக்கைப் பற்றிப் பேச்சே இல்லை. இந்தப் பலகைகளைக் கட்டியும் பழுது பார்த்தும் வருபவர்கள் என்ற முறையில் நாங்கள் சொல்வது இதுதான்: முதன்முறை கட்டுபவர் இந்த வரிசையை அப்படியே தலைகீழாகத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

மோட்டாரில் குழம்ப அதிகம் இல்லை. 6374 என்று எண் போட்ட பிரஷ்லெஸ் மோட்டார் போதும். முதல் இரண்டு இலக்கம் விட்டம், அதாவது 63 மி.மீ.; அடுத்த இரண்டும் நீளம், 74 மி.மீ. கூடவே 170 கே.வி. என்று இருக்கும். அதைக் கிலோவோல்ட் என்று படித்து மிரள்பவர்கள் உண்டு. சுமையில்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 170 சுற்று என்பதே அதன் பொருள். 36 வோல்ட் பேட்டரியில் 6,120 சுற்று வரும். மோட்டார் புல்லியில் 15 பல், சக்கரப் புல்லியில் 36 பல் என்றால் 2.4 மடங்கு குறைந்து சக்கரம் 2,550 சுற்று சுற்றும். 83 மி.மீ. சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 26 செ.மீ.; பெருக்கிப் பார்த்தால் மணிக்கு 40 கி.மீ. ஆள் ஏறி நின்றால் 34 வரை கிடைக்கும். புதியவருக்கு இதுவே அதிகம். இதற்கு மேல் வேகம் தேடி மோட்டாருக்குச் செலவழிப்பது வீண். ஒன்றை மட்டும் பாருங்கள்: ஹால் சென்சார், அதாவது சுழலும் காந்தம் எந்த நிலையில் இருக்கிறது என்று கன்ட்ரோலருக்குச் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கருவிக்குச்) சொல்லும் உணரி, உள்ள மோட்டாராக இருக்கட்டும். அது இல்லாவிட்டால் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மோட்டார் திக்கித் திக்கி இழுக்கும். சமநிலை பழகாதவர் அங்கேயே விழுவார்.

இனி பேட்டரி. இழுக்கும் பலத்தைத் தருவது போலவே நிறுத்தும் பலத்தையும் பேட்டரிதான் தருகிறது. இந்தப் பலகையில் தனியாக பிரேக் கட்டை கிடையாது. பிரேக் போடும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி, மின்சாரத்தைப் பேட்டரிக்கே திருப்பி அனுப்புகிறது. அதைப் பேட்டரி எவ்வளவு வாங்கிக்கொள்ளுமோ அவ்வளவு பலத்தில்தான், வேகமாகப் போகும்போது, பிரேக் பிடிக்கும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 3,000 மில்லி ஆம்பியர் மணி கொண்ட 18650 செல் (18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் உள்ள லித்தியம் அயான் செல்), சார்ஜ் ஏற்றும்போது 4 ஆம்பியரும் மின்சாரம் தரும்போது 15 ஆம்பியரும் தாங்கும் வகை என்று வைத்துக்கொள்வோம். மூன்று செல்லை இணையாகச் சேர்த்து ஒரு தொகுதி, அப்படிப் பத்துத் தொகுதிகளைத் தொடராகக் கோத்தால் 30 செல், 36 வோல்ட். இது 45 ஆம்பியர் தரும். திரும்ப வாங்குவது 12 ஆம்பியர்தான். 40 வோல்ட்டில் அது 480 வாட். ஆளும் பலகையும் சேர்ந்து 90 கிலோ, வேகம் மணிக்கு 25 கி.மீ. என்றால், உராய்வைக் கணக்கில் சேர்க்காமல், நிற்க நாலரை நொடியும் 20 மீட்டருக்குச் சற்று மேலும் ஆகும். செலவை மிச்சம் பிடிக்கத் தொகுதிக்கு இரண்டு செல் போட்டால் அது 30 மீட்டரைத் தாண்டும். சின்ன பேட்டரி போட்டால் தூரம்தானே குறையும் என்று நினைப்பவர்கள் இந்த 10 மீட்டரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முழு சார்ஜில் 42 வோல்ட் இருக்கும் பேட்டரியில் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடமே இல்லை. ஆகவே வீட்டு வாசலிலேயே இறக்கம் தொடங்குகிறவர்கள் 41 வோல்ட்டோடு சார்ஜரை நிறுத்த வேண்டும்.

பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்துச் செல் எடுக்கலாம் என்கிறது கட்டுரை. வேண்டாம். அவை மெதுவாக மின்சாரம் தருவதற்கென்றே செய்யப்பட்டவை. வயதாகி உள்தடையும் ஏறியிருக்கும். ஏற்றத்தில் 30 ஆம்பியர் இழுத்தால் மின்னழுத்தம் சரிந்து, செல் கொதிக்கும். புதுச் செல் வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். 18650 அளவில் 3,600 மில்லி ஆம்பியர் மணிக்கு மேல் எழுதியிருந்தால் அது பெரும்பாலும் போலி. 9,900 என்று அச்சிட்டவையும் சந்தையில் உலவுகின்றன. எடை 45 கிராம் அளவில் இருக்க வேண்டும். கையில் எடுத்தால் காற்றாக இருப்பதைத் திருப்பிக் கொடுங்கள்.

அதைவிட ஆபத்தானது, செல்லின் முனையில் நேராக ஈயம் வைத்து ஒயரை ஒட்டச் சொல்லும் வரி. அந்தச் சூடு செல்லுக்குள் இருக்கும் மெல்லிய பிரிப்பானையும் மூடியின் அடைப்பையும் கெடுக்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில மாதம் கழித்துத்தான் தெரியும். நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்வதே முறை. 0.15 மி.மீ. கனமும் 8 மி.மீ. அகலமும் உள்ள பட்டை 5 முதல் 7 ஆம்பியர் தாங்கும். 40 ஆம்பியர் மூன்று பட்டையில் பிரிந்தால் ஒவ்வொன்றுக்கும் 13; எனவே தொகுதிகளுக்கு இடையே இரண்டு மூன்று அடுக்காகப் போடுங்கள். நிக்கல் பூசிய இரும்புப் பட்டையும் நிக்கல் என்ற பெயரிலேயே விற்கிறது. காந்தம் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, நிக்கலும் காந்தத்தில் ஒட்டும். அரத்தால் கீறி ஓரிரவு உப்புத் தண்ணீரில் போடுங்கள். துரு பிடித்தால் இரும்பு.

வெல்டிங்குக்கு முன்னால் ஒவ்வொரு செல்லின் நேர்முனையிலும் ஃபிஷ் பேப்பர் (மின்சாரம் கடத்தாத தடித்த காகிதம்) வளையம் ஒட்டியாக வேண்டும். செல்லின் உடல் முழுவதும், மேல் விளிம்பு உட்பட, எதிர்முனைதான். நேர்முனைக்கும் அதற்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறை மட்டும். பட்டை அதிர்ந்து உறையைத் தேய்த்தால் ஷார்ட். இணையாகச் சேர்க்கும் செல்களின் மின்னழுத்த வேறுபாடு 0.02 வோல்ட்டுக்குள் இருக்கட்டும். மோதிரம், கைச்சங்கிலியைக் கழற்றிவிடுங்கள். தடித்த ஒயர் இரண்டையும் ஒரே வெட்டாக வெட்டாதீர்கள். கட்டிங் பிளேயரின் வாய் உருகிப் போகும்.

கட்டுரைப் படத்தில் பி.எம்.எஸ்., அதாவது ஒவ்வொரு தொகுதியின் மின்னழுத்தத்தையும் கவனித்துப் பேட்டரியைக் காக்கும் மின்னணுத் தகடு, பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில் வரையப்பட்டிருக்கிறது. சார்ஜ் ஏற்றும் வழியில் மட்டும் அது இருந்தால் போதும். நடுவில் இருந்தால், பிரேக் போடும்போது ஒரு தொகுதி மட்டும் 4.2 வோல்ட்டைத் தாண்டினாலும் அது பேட்டரியைத் துண்டித்துவிடும். திரும்பி வரும் மின்சாரம் போக இடமின்றி மின்னழுத்தம் எகிறும், கன்ட்ரோலர் எரியலாம், பிரேக் உறுதியாகப் போய்விடும். மின்சாரம் வெளியேறும் வழியில் ஒரு ஃப்யூஸ் வைத்து, மின்னழுத்தம் அளவுக்கு மேல் இறங்காமல் காக்கும் வேலையைக் கன்ட்ரோலரிடம் விடுங்கள். இதில் ஒரு குறையும் உண்டு: சுவிட்சை அணைக்க மறந்தால் கன்ட்ரோலர் சொட்டுச் சொட்டாக உறிஞ்சிப் பேட்டரியைச் சாகடிக்கும், தடுக்க யாரும் இல்லை. பேட்டரியை இணைக்கும்போது கன்ட்ரோலரின் கெப்பாசிட்டர்கள் ஒரே நொடியில் நிரம்புவதால் பலத்த பொறி பறந்து கனெக்டர் கருகும். எக்ஸ்.டி.90-எஸ் என்ற பச்சை வளையம் உள்ள கனெக்டரில் அதற்கென்றே ஒரு தடையம் வைத்திருக்கிறார்கள். முதன்மை ஒயர் 12 கேஜ் சிலிக்கான் உறை போட்டதாக இருக்கட்டும்.

கன்ட்ரோலருக்கு வெஸ்க் வகை நல்லது. ஸ்வீடனின் பெஞ்சமின் வெடர் உருவாக்கி, வடிவமைப்பைத் திறந்தே வைத்திருப்பது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு, அதன் மென்பொருளில் மோட்டாரின் அளவுகளைக் கண்டறியும் படியை ஓட்டுங்கள். சுமையோடு அளந்தால் எண்கள் தப்பாகும். பிறகு மேலே சொன்ன பேட்டரிக்கு இந்த வரம்புகளைப் போடுங்கள்: பேட்டரி அதிகபட்சம் 40 ஆம்பியர், திரும்ப வாங்குவது 12, மோட்டார் 50, பிரேக்குக்கும் 50, பேட்டரி இறங்கும்போது மின்சாரத்தைக் குறைப்பது 34 வோல்ட்டில் தொடங்கி, 31-இல் முழுதும் நிற்கட்டும். வேகத்தை 25-இல் கட்ட 27,000 இ.ஆர்.பி.எம். போடுங்கள். இது மோட்டாரின் சுற்றை அதன் 7 காந்த ஜோடிகளால் பெருக்கிய எண். மோட்டாரின் சுற்று என்று நினைத்து 3,800 போட்டுவிட்டு, வண்டி நடை வேகத்தில் ஊர்கிறதே என்று மோட்டாரை மாற்றியவர்களும் இருக்கிறார்கள்.

பெல்ட் அறுந்தால் பிரேக்கும் அதோடு போயிற்று. ஒற்றை மோட்டார் பலகையின் பெரிய பலவீனம் இதுதான். முடிந்தால் இரண்டு மோட்டார் போடுங்கள். முடியாதென்றால் காலைத் தரையில் உரசி நிறுத்தும் வித்தையை மோட்டார் மாட்டாத பலகையில் முதலில் பழகுங்கள். 5 மி.மீ. இடைவெளிப் பல்லும் 15 மி.மீ. அகலமும் உள்ள பெல்ட், நடுவில் விரலால் அழுத்தினால் 5 மி.மீ. உள்ளே போக வேண்டும். தளர்ந்தால் பிரேக்கில் பல் தாண்டும். இறுகினால் பேரிங் சூடேறும்.

பலகை விறைப்பாக இருக்கட்டும். வளைந்து கொடுக்கும் பலகை காலுக்குச் சுகம்தான். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் அடியிலுள்ள வெல்டிங் இழுபடும். இந்த வண்டிகளின் முதல் எதிரி அதிர்வு. உலோகத்தோடு உலோகம் சேரும் எல்லாத் திருகிலும் திருகு கழலாமல் பிடிக்கும் நீல நிற லாக்டைட் பசை ஒரு சொட்டு விடுங்கள். பிளாஸ்டிக் பாகத்தில் படக்கூடாது, அதை வெடிக்க வைக்கும். மோட்டார் புல்லியைச் சின்னத் திருகை மட்டும் நம்பி மாட்டாமல், தண்டின் பள்ளத்தில் சாவித்துண்டு வைத்து மாட்டுங்கள்.

ரிமோட்டின் ரிசீவரை மோட்டார் ஒயர்களிலிருந்து தள்ளி வையுங்கள். கார்பன் ஃபைபர் பெட்டிக்குள் வைத்தால் சிக்னல் விட்டுவிட்டு வரும். பலகையைக் கட்டை மேல் ஏற்றி, சக்கரம் சுற்றும்போதே ரிமோட்டை அணையுங்கள். மோட்டார் உடனே விசையை விட வேண்டும். தொடர்ந்து ஓடினால் அன்றைக்கு யாரும் ஏற வேண்டாம்.

முதல் 5 கி.மீ. முடிந்ததும் எல்லாத் திருகையும் தொட்டுப் பாருங்கள். கட்டாயம் ஒன்று தளர்ந்திருக்கும். ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடாதீர்கள். வீட்டிலிருந்து வெளியேறும் வழியிலும் கட்டிலுக்கு அடியிலும் போடாதீர்கள். தூங்கும்போது வேண்டவே வேண்டாம். விமானத்தில் எடுத்துச் செல்லும் ஆசையும் கூடாது. பயணிகளின் பெட்டியில் 160 வாட் மணிக்கு மேல் அனுமதி இல்லை, இந்தப் பேட்டரியோ 324.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். செல்லில் ஈயம் வைக்கச் சொன்ன அந்த வரிக்கும், பி.எம்.எஸ். படத்துக்கும் அடுத்த வாரமே அதே பக்கத்தில் திருத்தம் வெளியிடுங்கள். கட்டுரையை வெட்டி வைத்துக்கொண்டு சாமான் வாங்கக் கிளம்பியிருக்கும் மாணவர்கள் அந்தப் பக்கத்தைத்தான் தேடுவார்கள்.

இங்ஙனம்,
மின்பலகை கட்டும் நண்பர்கள் சிலர்