மூன்றாவது படத்து ஆணி

பாப்பாவுக்கு,

நீ தோண்டியெடுத்த பழைய இரும்புச் சாமான்களைப் படமெடுத்து அனுப்பியிருந்தாயே, பதினோரு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். மெட்டல் டிடெக்டர் கத்தினால் போதும், தோண்டிவிடுவாய் போலிருக்கிறது!

"ரோமானியர் ஆணியாப்பா?" என்று கேட்டிருந்தாய். மூன்றாவது படத்தில் இருப்பது பட்டறையில் அடித்த ஆணிதான். நாலு பக்கமும் கூர்முனை நோக்கிக் குறுகிக்கொண்டே வருகிறது பார். உன் தாத்தா துருத்தியை என்னிடம் விட்டுவிட்டு ஆணி அடிப்பார். ரெண்டு தட்டு, கால் சுற்றுத் திருப்பு, மறுபடி ரெண்டு தட்டு. அதனால்தான் கை ஆணி உருண்டையாக வராது, சதுரமாகத்தான் வரும். பிறகு துளை போட்ட இரும்பில் செருகி, மேலே நீட்டிக்கொண்டிருப்பதை நாலைந்து அடியில் பரத்தித் தலையாக்குவார். உன் ஆணித்தலையிலும் அந்த அடிகளின் பட்டை தெரிகிறது.

ஆனால் இதை வைத்து வயது சொல்ல என்னால் ஆகாது. ரோமானியக் கொல்லன் அடித்ததும் 1750-இல் அந்த ஊர்க் கொல்லன் அடித்ததும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். எந்த இடம், எவ்வளவு ஆழம், கூட என்ன கிடந்தது என்று குறித்து வைத்தாயா?

ஐந்தும் ஆறும் வேறு ஜாதி. ரெண்டு பக்கம் மட்டும் குறுகுகிறது, மற்ற ரெண்டும் நேர். தகட்டிலிருந்து மெஷின் வெட்டியது, அநேகமாக 19-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. ஏழாவது வெறும் கம்பி ஆணி, எடைக்குப் போடு. வளைந்திருக்கும் ஒன்பதாவது லாட ஆணி. குளம்பில் ஏறி வெளியே வந்த நுனியை முறித்து மடக்கிவிடுவார்கள். இங்கே மாட்டுக்கும் அப்படித்தான். கடைசியில் நுரைத்த கட்டியாக இருப்பது இரும்புக் கிட்டம், உலையில் கழியும் கசடு. பக்கத்தில் எங்கேயோ உலை எரிந்திருக்கலாம். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது அதுதான்.

ஸ்காட்லாந்தில் உன் பெர்த் நகரத்துக்கு வடக்கே, டே ஆற்றங்கரையில் இஞ்ச்துத்தில் என்று ஓர் இடம். கி.பி. 86-87 வாக்கில் ரோமானியப் படை அங்கிருந்த கோட்டையைக் கைவிட்டபோது, ஏறத்தாழ 8,75,000 ஆணிகளைக் குழிவெட்டிப் புதைத்துவிட்டுப் போனதாம். உள்ளூர்க்காரர் கையில் இரும்பு சிக்கினால் ஆயுதமாகிவிடும் என்ற பயம். 1960-இல் தோண்டிப் பார்த்தால், வெளியே இருந்த ஆணிகள் துருவேறி ஒரே பாளமாக இறுகி, உள்ளே இருந்தவற்றைக் காப்பாற்றியிருந்தன. துருத்தி ஊதின கை எனக்கு; அந்தக் கணக்கைப் படித்ததும் தோள் வலித்தது. அங்கே டிடெக்டரோடு மட்டும் போய்விடாதே, பாதுகாக்கப்பட்ட இடம். வேறு வயலில் கிடைத்தாலும், முக்கியமான பழம்பொருளென்றால் ஸ்காட்லாந்தில் அரசுக்குத்தான் சொந்தம். சொல்லிவிடு.

கை ஆணியைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்க்காதே, வினிகரில் ஊறப்போடாதே. அதன் உருவம் துருவுக்குள்தான் இருக்கிறது. புதுச் செருப்புப் பெட்டியில் வருமே, ஈரம் உறிஞ்சும் பொட்டலம், அதோடு டப்பாவில் போட்டு இறுக்கி மூடு.

மூன்றாவதன் தலையைப் பக்கவாட்டில் இன்னொரு படம் எடுத்து அனுப்பு. பக்கத்தில் உங்கள் ஊர்ச் சில்லறை ஒன்றை வை, அளவு தெரியட்டும்.

டெட்டனஸ் ஊசி போட்டாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அப்பா