‘அரைவல்’ இசையமைப்பாளருக்குச் சேர வேண்டியதைக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வேற்றுக்கிரகவாசிகள் பூமிக்கு வரும் ‘அரைவல்’ என்ற ஆங்கிலப் படம் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கதையைப் பற்றி எழுதியதெல்லாம் சரி, இசையைப் பற்றிச் சொன்ன இடத்தில்தான் எனக்கு மனசு ஆறவில்லை. தொடக்கத்திலும் முடிவிலும் வரும் வயலின் இசை உருக்குகிறது, நடுவில் வெறும் இரைச்சல் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த உருக்கும் இசை இந்தப் படத்துக்காகப் போட்டதே இல்லை. மேக்ஸ் ரிக்டர் என்ற இசையமைப்பாளர் 2004-இல் வெளியிட்ட ஆல்பத்திலிருந்து எடுத்தது. இரைச்சல் என்று தள்ளிவிட்டீர்களே, அதுதான் ஐஸ்லாந்துக்காரர் யோஹான் யோஹான்சன் படத்துக்காக உட்கார்ந்து செய்தது.

ஆஸ்கரிலும் அவருக்கு இதே கதிதான். ரிக்டரின் இசையும் படத்தில் இருப்பதால் வாக்களிப்பவர்களின் தீர்ப்பு அதனால் மாறிவிடும் என்று சொல்லி 2016 டிசம்பரில் அவரைப் போட்டியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். படத்துக்கு 8 பரிந்துரை கிடைத்தது, இசைக்கு ஒன்றுகூட இல்லை. ரிக்டர் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது, அருமையான இசை அது. ஆனால் ஒருவர் உழைப்பை இன்னொருவர் கணக்கில் எழுதி, மிச்சத்தை இரைச்சல் என்பது என்ன நியாயம்?

பியானோ கட்டையைத் தட்டியதும் முதலில் ‘டிங்’ என்று ஒரு அடி கேட்குமே, யோஹான்சன் அதை விட்டுவிட்டு, பின்னால் நீளும் ரீங்காரத்தை மட்டும் டேப்பில் பதிந்து அடுக்கடுக்காகச் சுற்றவிட்டிருக்கிறார். அதனால்தான் எந்த வாத்தியம் என்றே பிடிபடாமல் அடிவயிற்றில் ஏதோ செய்கிறது. அப்புறம் ‘ஹெப்டபாட் பி’ என்கிற பகுதியைக் கேளுங்கள். ‘தியேட்டர் ஆஃப் வாய்சஸ்’ குழுவினர் சின்னச் சின்ன அசைகளை வெட்டி வெட்டிப் பாட, ஒரு குரல் முடிவதற்குள் அடுத்த குரல் அதன் மேல் ஏறி வந்துவிடும், எங்கே ஆரம்பித்தது என்றே தெரியாது. படத்தில் அந்த வேற்றுக்கிரகவாசிகளின் எழுத்தும் முதலும் முடிவும் இல்லாத வட்டம்தானே? பல்லவியில் தொடங்கிச் சரணத்தில் முடிகிற மாதிரி ஒரு மெட்டைப் போட்டிருந்தால் இந்தக் கதைக்கு ஒட்டியே இருக்காது.

யோஹான்சன் 2018-இல் 48 வயதில் இறந்துபோனார். அவர் பெயர்கூட உங்கள் கட்டுரையில் இல்லை. அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு சின்னத் திருத்தமாவது போட்டு, எந்த இசை யாருடையது என்று வாசகர்களுக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகி, தஞ்சாவூர்