கெஜட்டில் வந்த சந்தேகம்: வி. ஜி. ராவ் அவர்களுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய வி. ஜி. ராவ் அவர்களுக்கு,

வணக்கம். 'தோழர்' என்று தொடங்கலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். நான் எந்தக் கட்சியிலும் இல்லை, அந்த உரிமையை எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. அந்த ஒரு சொல்லுக்கே பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்த காலம் உங்களுடையது என்பதும் கூடவே ஞாபகம் வந்தது.

சட்டம் படிக்கும் பிள்ளைகளுக்கு உங்கள் பெயர் தெரியும். 'சென்னை அரசு எதிர் வி. ஜி. ராவ்', 1952. அடிப்படை உரிமைக்குப் போடும் கட்டுப்பாடு நியாயமானதா என்று எப்படிப் பார்ப்பது என்பதற்கு இன்றும் அந்தத் தீர்ப்பைத்தான் எடுத்து வைக்கிறார்கள். வழக்கு எதில் தொடங்கியது என்று கேட்டால்தான் முழிக்கிறார்கள். போன மாதம்வரை நானும் அப்படித்தான் முழித்திருப்பேன்.

சென்னையில் 'பீப்பிள்ஸ் எஜுகேஷன் சொசைட்டி' என்று 1947-இல் முறைப்படி பதிவான ஒரு சங்கம். பயனுள்ள அறிவை மக்களிடம் பரப்புவது, அரசியல் கல்வி கொடுப்பது என்பவை அதன் நோக்கங்கள். பொதுச்செயலாளர் நீங்கள். 1950 மார்ச் 10 அன்று சர்க்கார் அதைச் சட்டவிரோதச் சங்கம் என்று அறிவித்தது. பொது அமைதிக்கு ஆபத்து என்பது 'அரசின் கருத்து' என்று ஆணை சொன்னது. அந்த ஆணையின் நகலைக்கூட உங்களுக்கு அனுப்பவில்லை. கெஜட்டில் போட்டாயிற்று, போதும் என்று விட்டுவிட்டார்கள். கெஜட்டை யார் படிக்கிறார்கள், சொல்லுங்கள்! ஆனால் அது தெரியாமல் உறுப்பினராகத் தொடர்பவருக்கு ஆறு மாதம்வரை சிறை உண்டு.

பின்னால் கோர்ட்டில் சொன்ன காரணம், தடை செய்யப்பட்ட கம்யூனிஸ்ட் கட்சிக்குச் சங்கத்தின் பணம் போகிறது என்பது. அது உண்மையா பொய்யா என்பது இப்போது என் கவலையில்லை. உண்மையென்றே வைத்துக்கொண்டாலும், அதை யாரிடமாவது நிரூபிக்க வேண்டும் என்ற எண்ணமே அந்தச் சட்டத்தில் இல்லை. மனு கொடுக்கலாம், ஆலோசனைக் குழு பார்க்கும், அவ்வளவுதான். நேரில் நின்று பேசவோ வக்கீல் வைக்கவோ வழி கிடையாது. வெள்ளைக்காரன் 1908-இல் போட்ட சட்டம் அது. 1921-இல் காங்கிரஸ் தொண்டர் படைகளைத் தடை செய்யவும் அதைத்தான் எடுத்தான். அந்தத் தொண்டர்களின் கட்சிதான் 1950-இல் சென்னையில் ஆட்சியில் இருந்தது.

நாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஜனவரி 26, அரசியல் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. பிப்ரவரி 11, சேலம் சிறையில் துப்பாக்கிச் சூடு, 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சாகிறார்கள். மார்ச் 1, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலனுக்குத் தடுப்புக் காவல் ஆணை. 1947 டிசம்பரிலிருந்தே அவர் உள்ளேதான் இருந்தார். பத்தே நாளில் உங்கள் சங்கம். ஏறக்குறைய ஆறே வாரத்தில் இத்தனையும்.

கோபாலன் வழக்கில் என்னைத் திகைக்க வைத்தது ஒரு பிரிவு. தன்னை ஏன் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று கைதிக்கு எழுதிக் கொடுத்த காரணத்தை, அவரே கோர்ட்டில் வெளியிட்டால் அதுவும் குற்றம்! மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை மட்டும் அடித்துவிட்டு, தடுப்புக் காவலை அப்படியே விட்டுவைத்தது. அதே மாதத்தில், சென்னைக்குள் வரக்கூடாது என்று தடுக்கப்பட்ட ரொமேஷ் தாப்பரின் பத்திரிகைக்கு நீதி கிடைத்தது. சரி, அப்புறம்? அடுத்த ஆண்டே, பேச்சுரிமைக்கு அரசு போடக்கூடிய கட்டுப்பாடுகளை விரிவாக்கி அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது.

அமெரிக்காவில் ஜனாதிபதி ட்ரூமன் 1947-இல் அரசு ஊழியர்களுக்கு விசுவாசச் சோதனை கொண்டுவந்ததை நாம் ஏதோ வேற்று நாட்டுக் கதை மாதிரி பேசுகிறோம். இங்கே ரயில்வேயில் 1949-இல் வந்த பாதுகாப்பு விதிகளை எடுத்துப் படித்தால் தெரியும். நாசவேலையில் ஈடுபட்டவர் மட்டுமல்ல, ஈடுபடுவதாக நியாயமாகச் சந்தேகிக்கப்படுபவரும், அப்படிப்பட்டவர்களோடு தொடர்பு வைத்திருப்பவரும் வேலையை விட்டுப் போக வேண்டியதுதான். சந்தேகம் என்ற சொல்லை விதியிலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

நீங்கள் விடவில்லை. உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தீர்கள். சர்க்கார் மேல்முறையீடு செய்தது. 1952 மார்ச் 31 அன்று தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி, இதே சென்னையில் வக்கீல் தொழில் பார்த்தவர், உங்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். அரசு மனத்தளவில் திருப்தியடைவது மட்டும் போதாது, கோர்ட் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். அதற்குச் சில வாரம் முன்புதான், சந்தேகப்படச் சொல்லப்பட்ட அந்தக் கட்சியின் வேட்பாளர்கள் 62 பேரைச் சென்னை மாகாணத்து ஜனங்கள் சட்டசபைக்கு அனுப்பியிருந்தார்கள். இந்தப் பொருத்தத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

இதையெல்லாம் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், என் தாத்தாவால். கீழத்தஞ்சையில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியார். கட்சிக்காரர் இல்லை. பேப்பர் படிப்பார், கூட்டத்தில் பின்னால் நின்று கேட்பார், அவ்வளவே. சேலம் செய்தி வந்த வாரத்தில் பரணிலிருந்த துண்டுப் பிரசுரங்களை எல்லாம் இறக்கி வெந்நீர் அடுப்பில் போட்டாராம். "நாலு நாளைக்கு விறகே செலவாகல" என்று பாட்டி சொல்வாள். உங்கள் தீர்ப்பு வந்த சேதி அவருக்கு எட்டியதா தெரியாது. எட்டியிருந்தாலும் எரிந்தது எரிந்ததுதான்.

எரிக்காமல் விட்டது ஒரு பழைய தமிழ் இலக்கணப் புத்தகம். அது இப்போது என்னிடம் இருக்கிறது. அதில் முதல் தாள் மட்டும் இல்லை, ஓரத்தில் கிழித்த தடம் தெரிகிறது. நண்பர் ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புத்தகமாம், அவரைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்ததாம். அந்த நண்பரின் பெயரைப் பாட்டியிடம் கேட்டேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, "உயரமா இருப்பார், காபி குடிக்க மாட்டார்" என்றாள். பெயர் ஞாபகம் வரவில்லை.

அன்புடன்,
ஒரு வாத்தியாரின் பேத்தி