தக்காளி நாற்றை எண்ணிச் சொல்லுங்கள்

தமிழ்நாடு வேளாண்மை – உழவர் நலத்துறைக்கு,

வணக்கம். தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கத்தில் தக்காளி வைக்கும் விவசாயி எழுதுகிறேன்.

2023 ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியதும், அரசு ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்றது. நல்ல காரியம். விலை விழும்போதும் அதே வேகம் வேண்டும் என்றுதான் கேட்கிறோம். 15 கிலோ பெட்டி ஐம்பது ரூபாய்க்கு ஏலம் போனால் பறிப்புக் கூலி, வண்டி வாடகை, மண்டி கமிஷன் போகக் கையில் ஒன்றும் நிற்காது. குச்சி நட்டு, கம்பி இழுத்து, சணலில் தூக்கிக் கட்டி வளர்த்த செடியில் அப்புறம் ஆடு மாட்டை மேய விடுகிறோம்.

விலை ஏறியதும் எல்லோரும் நாற்றுப்பண்ணைக்கு ஓடுகிறோம். நட்டு முதல் பறிப்புக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குள் கிருஷ்ணகிரி, கர்நாடகத்துக் கோலார், ஆந்திரத்து மதனப்பள்ளி சரக்கும் சேர்ந்து இறங்கிவிடும். தக்காளி மலிந்துவிட்டது என்று யாரும் ரசத்தில் இரண்டு மடங்கு போடுவதில்லை. வரத்து கொஞ்சம் கூடினாலே விலை அதலபாதாளத்துக்குப் போகிறது. நஷ்டப்பட்டவர்கள் அடுத்த பட்டத்தில் வேறு பயிருக்கு மாற, மறுபடி தட்டுப்பாடு. இதைப் பேராசை என்கிறார்கள். இரண்டு ஏக்கரும் நகைக்கடனும் வைத்திருப்பவருக்கு, இன்றைய மண்டி விலையைத் தவிர வேறு என்ன தகவல் கிடைக்கிறது?

அந்தத் தகவலை உங்களால் தர முடியும். இப்போது பெரும்பாலும் சின்னக் குழிகள் உள்ள தட்டில் வளர்த்த குழித்தட்டு நாற்றுதான், பண்ணையில் காசு கொடுத்து வாங்குகிறோம். எந்தப் பண்ணையிலிருந்து வாரத்துக்கு எத்தனை தக்காளி நாற்று போனது என்று தோட்டக்கலைத் துறை கேட்டுத் தொகுத்தால், இரண்டு மாதம் கழித்து வரத்து எப்படி இருக்கும் என்பது இன்றே தெரிந்துவிடும். அதை மண்டி வாசலில் போர்டு வைத்து எழுதுங்கள். பக்கத்து மாநிலங்களின் கணக்கையும் கேட்டு வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, அடிப்படை விலை. அதாவது, சந்தை விலை அதற்குக் கீழே விழுந்தாலும் விவசாயிக்குக் கிடைக்கும் என்று அரசு உறுதி தரும் விலை. கேரளம் 2020 நவம்பரில் தக்காளி உட்பட 16 விளைபொருள்களுக்கு, உற்பத்திச் செலவுக்கு மேல் 20 சதவீதம் வைத்து இதை அமலுக்குக் கொண்டுவந்தது. தக்காளிக்குக் கிலோ 8 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனால் பழம் பறிப்பதா, செடியோடு விடுவதா என்று தவிக்கிற நாளில் அந்த எட்டு ரூபாய் விலை, கூலி ஆட்களைத் தோட்டத்துக்குள் வர வைக்கும்.

அடுத்த நடவுக்கு முன்னால் பாலக்கோடு மண்டியில் மட்டுமாவது அந்தப் போர்டை வையுங்கள். நாற்றுப்பண்ணைக்காரர்களிடம் உங்களோடு வந்து பேச நாங்கள் தயார்.

இப்படிக்கு,
பாலக்கோடு வட்டாரத் தக்காளி விவசாயி